ஒரே ஆன்டெனா... நாலு தலைமுறை!

அடுத்த தடவை டீ குடிக்க ஆபீஸிலிருந்து வெளியே வரும்போது, ஒரு நிமிஷம் தலையைத் தூக்கி எதிர்க் கட்டடத்து செல்போன் டவரைப் பாருங்கள். (மானேஜர் பார்த்தால், 'டெக்னாலஜி படிக்கிறேன் சார்' என்று சொல்லிக்கொள்ளலாம்.) மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு, ஒடுக்கமான பீரோ மாதிரி வெள்ளையாகத் தொங்குகிறதே, அதுதான் ஆன்டெனா. பக்கத்தில் முரசு மாதிரி வட்டமாக இருப்பதும் ஆன்டெனாதான். ஆனால் அது நம்மோடு பேசாது. இன்னொரு டவரோடு மட்டுமே பேசும்.

ஒரு பீரோ 120 டிகிரியைக் கவனித்துக்கொள்கிறது. மூன்றும் சேர்ந்தால் 360. ஊர் முழுக்க சிக்னல்.

சரி, வீட்டுக்கு வருவோம். பாட்டி கையில் பட்டன் போன், 2ஜி. அப்பா 4ஜி. காலேஜ் போகும் தம்பிக்கு 5ஜி இல்லையென்றால் சோறு இறங்காது. மூன்று பேருக்கும் டவரில் தனித்தனி பீரோவா? அதுதான் இல்லை. பாட்டியும் அப்பாவும் பெரும்பாலும் ஒரே பீரோவுக்குள்தான் குடித்தனம்.

காரணம், வேறென்ன, காசு. டவர் பெரும்பாலும் போன் கம்பெனிக்குச் சொந்தமில்லை, வாடகை இடம். ஏற்றுகிற ஒவ்வொரு சாமானுக்கும் கணக்கு உண்டு. தவிர, பீரோ என்பது காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு, டவர் உச்சியில் நாலு பாய்மரம் கட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எப்படி ஒன்றாக இருக்கிறார்கள்? 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதில் பாதி அளவுக்கு உலோகத் துண்டு வைத்தால் அலையைச் சுகமாக வீசும், வாங்கும். 1800க்கு அலை அதில் பாதி, துண்டும் பாதி. பீரோவைத் திறந்தால் உள்ளே பெரிய துண்டுகள் வரிசையாக நிற்கும். நடுநடுவே சின்னத் துண்டுகள் பேரன் பேத்தி மாதிரி உட்கார்ந்திருக்கும். இரண்டு அலைவரிசையும் ஒரே கேபிளில் வந்தாலும் கவலையில்லை. டைப்ளெக்ஸர் என்றொரு வடிகட்டி வாசலில் நின்று, 'நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்' என்று பிரித்து அனுப்பிவிடும். நஷ்டம் ரொம்பக் கம்மி.

சிக்கல் எப்போது? இரண்டு பேரும் ஒரே அலைவரிசைப் பட்டைக்குள் இருந்தால்! 2ஜிக்கு ஒரு ரேடியோ, 4ஜிக்கு ஒரு ரேடியோ, இரண்டும் 1800லேயே என்றால், வடிகட்டிக்கு ஆள் அடையாளம் தெரியாது. கம்பைனர் போட்டு ஒட்டவைக்க வேண்டும். அது இரண்டு பேரின் சக்தியிலும் பாதியைச் சூடாக்கி வெளியே விட்டுவிடும்.

இந்தப் 'பாதி' எனக்குப் பழக்கமான பாதி. எண்பதுகளில் நாங்கள் இருந்த ஸ்டோர் வீட்டில் டி.வி. ஆன்டெனா வீட்டுக்காரருடையது. பெரிய மனசு பண்ணி ஸ்ப்ளிட்டர் வைத்து எங்களுக்கும் ஒரு ஒயர் விட்டார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் ஒலி மட்டும் தெளிவாக வரும். ஒளி புள்ளி புள்ளியாக. வீட்டுக்காரரிடம் கேட்டால், 'எனக்கும்தான் சார் பாதி போச்சு' என்பார். அவர் சொன்னது பொய்யில்லை, பௌதிகம்.

டவர்காரர்கள் இதற்கு வைத்தியம் கண்டுபிடித்துவிட்டார்கள். 2008 வாக்கிலிருந்து, ஒரே ரேடியோ பெட்டி இரண்டு தலைமுறை பாஷையும் பேசுகிறது. ரேடியோவே ஒன்று என்றால் ஒட்டவைக்கும் வேலை ஏது?

ஆனாலும் கூட்டுக் குடும்பத்தில் சத்தமே வராமல் இருக்குமா?

முதல் தகராறு, சாய்வு. பாட்டியின் 2ஜி ரொம்ப தூரம் போக ஆசைப்படும். 4ஜியில் பக்கத்து டவரும் அதே அலைவரிசையில் பேசும். அடுத்தவர் எல்லைக்குள் கொட்டினால் ஸ்பீடு போச்சு. எனவே ஆன்டெனாவைக் கொஞ்சம் குனிய வைக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே வரிசைத் துண்டுகள் என்றால் ஒரே சாய்வுதான். ஒரே ரூமில் ஒருத்தருக்கு ஃபேன் அஞ்சிலும் இன்னொருத்தருக்கு ரெண்டிலும் வேண்டும் என்கிற கதை. மூன்றில் வைத்துவிட்டு இரண்டு பேரிடமும் திட்டு வாங்க வேண்டியதுதான்.

இரண்டாவது தகராறு, துரு. ஆமாம், சாதாரணத் துரு! ஒரே கேபிளில் பலமான சிக்னல்கள் சேர்ந்து போகும்போது, வழியில் துருப்பிடித்த போல்ட்டோ இறுகாத கனெக்டரோ இருந்தால், அவை கலந்து புதிதாக ஒரு சிக்னலைப் பெற்றுப் போடும். கணக்கு எளிது. டவர் 935லும் 960லும் அனுப்புகிறது என்று வையுங்கள். 935ஐ இரட்டித்து 960ஐக் கழித்தால் 910. நம் போன்கள் டவருக்குப் பேசும் இடம் 890 முதல் 915 வரை. நடுவீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது சனியன்! டவர் அனுப்புவது 20 வாட் என்றால், தூரத்துப் போனிலிருந்து வந்து சேருவது அதில் கோடி கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த முணுமுணுப்பைக் கேட்க முயலும்போது காதருகே விசில் அடித்தால் எப்படி?

டவர் ஏறி இறங்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "டார்க் ரெஞ்ச் வச்சு அளவாத்தான் முறுக்கணும் சார். அவசரத்துல கையாலயே முறுக்கிட்டு எறங்கிடுவாங்க. ரெண்டு மழை பெஞ்சா போதும், டவர் ஊளையிட ஆரம்பிச்சிடும்" என்றார்.

இதெல்லாம் பார்த்துத்தானோ என்னவோ, 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வரும் 5ஜி, கல்யாணம் ஆன கையோடு தனிக்குடித்தனம் போய்விட்டது. ஆள் இருக்கும் திசைக்குக் கற்றையைத் திருப்ப, அதற்கு 64 ரேடியோ வரைக்கும் ஆன்டெனாவுக்குள்ளேயே வேண்டும். பழைய பீரோவில் அதற்கு இடம் கிடையாது.

இப்போது கூட்டுக் குடும்பத்தில் அடுத்த கேள்வி: யார் வெளியே போவது? 2008 டிசம்பரில் டெல்லியில் தொடங்கிய 3ஜி சித்தப்பாவைப் பெரும்பாலான இடங்களில் ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள். 1995 ஜூலை 31ல் இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு நடந்த நாளிலிருந்து உழைக்கும் 2ஜி பாட்டிதான் அடுத்து. 2017லேயே சிங்கப்பூர் 2ஜியை நிறுத்திவிட்டது. 2016ல் வந்த ஜியோ, 2ஜியே இல்லாமல்தான் கடை திறந்தது.

'போகட்டுமே, பாட்டிக்கு 4ஜி பட்டன் போன் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது' என்பீர்கள். பாட்டிக்குத் தீரும். கிணற்றடியில் சிம் கார்டு போட்ட மோட்டார் ஸ்டார்ட்டர் வைத்து, ராத்திரி கரண்ட் வந்ததும் கட்டிலில் படுத்தபடியே தண்ணீர் பாய்ச்சும் விவசாயிக்கு? அந்தப் பெட்டிகளில் நிறைய 2ஜி மட்டுமே தெரிந்தவை. மாற்றும் செலவு அவர் தலையில்.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடப் பற்றாக்குறை பீரோவில் இல்லை. ஒரே ரேடியோ, ஒரே ஆன்டெனா; 2ஜி இருந்தாலும் போனாலும் டவர் உச்சியில் பெரிதாக எதுவும் மாறாது. சண்டை அலைவரிசைக்கு. அதிலும் பாட்டி சிக்கனம். 2ஜியின் ஒரு கீற்று 0.2 மெகாஹெர்ட்ஸ். பன்னிரண்டு கீற்று இருந்தால், பக்கத்து டவர்களோடு மோதாமல் குடித்தனம் நடத்தலாம். மொத்தம் 2.4 மெகாஹெர்ட்ஸ். 4ஜிக்கு ஒரு சாதாரணத் துண்டே 5, 10, 20 என்று வேண்டும்.

ஆக, பீரோவில் ஒரு தட்டு பாட்டிக்கு என்று விட்டுவைப்பது என்ஜினீயருக்கு முடியாத காரியமல்ல. கம்பெனியின் கணக்குப்பிள்ளைதான் கணக்குப் போடுவார்: 'இந்தத் தட்டை நெட் பார்ப்பவனுக்கு விட்டால் வாடகை ஜாஸ்தி வருமே!'

அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டைக் காலி பண்ணுவதற்கு முன்னால், கிணற்றடிக்கு ஒரு புது ஸ்டார்ட்டர் போய்ச் சேர்ந்ததா என்று யாராவது ஒரு போன் போட்டுக் கேட்கலாம். 2ஜியிலேயே கேட்கலாம். நன்றாகக் கேட்கும்!