‘என்னாலதான்’ என்ற எண்ணம்

சாலை விபத்தில் தம்பியைப் பறிகொடுத்தவர், “நான் கூப்பிட்டதாலதானே வந்தான், என்னாலதான் போயிட்டான்” என்றே இருப்பார். “அப்படியெல்லாம் நினைக்காதீங்க” என்று நாம் சொல்வது பெரும்பாலும் எடுபடாது.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கு அமெரிக்க உளவியலாளர் பேட்ரிசியா ரெசிக் உருவாக்கிய சிந்தனைவழிச் சிகிச்சை, வழக்கமாக 12 அமர்வுகள். அதில் சிகிச்சையாளர் மறுத்துப் பேசுவதில்லை, கேட்கிறார்: “லாரி வரும்னு அப்போ உங்களுக்குத் தெரியுமா?” அந்த எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று அவரே பிரித்துப் பார்க்கிறார். “கூப்பிட்டது நான்தான், ஆனா விபத்தை நான் வரவைக்கலையே” என்ற இடத்துக்கு வரும்போது துக்கம் இருக்கும், குற்ற உணர்வு தளரும்.

இது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. வகுப்பறையில் நாமே முயலக்கூடாது. மாணவரிடம் கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதம் கடந்தும் தொடர்ந்தால், பள்ளி ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள்.