ஓசிச் சாப்பாட்டின் கணக்கு

லாஸ் வேகாஸ் கேசினோக்களில் வீடியோ போக்கர் ஆடுபவர்களுக்கு அறையும் விருந்தும் இலவசம். யாருக்கு எவ்வளவு என்பதைக் கணினி சொல்கிறது

அடுத்தடுத்த இரண்டு இயந்திரங்களில் இரண்டு பேர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஒருவர் 300 டாலர் தோற்றுவிட்டார். மற்றவர் பையில் 200 டாலர் லாபம். ஒரு வேளைச் சாப்பாடாவது தேறுமா என்று தோற்றவர் உபசரிப்பு மேஜைக்குப் போகிறார். ஊழியர் கணினியைத் தட்டுகிறார், புன்னகைக்கிறார். ஜெயித்தவருக்கு என்ன உண்டோ அதேதான் இவருக்கும்.

கேசினோவைப் பொறுத்தவரை அன்றைய வெற்றி தோல்வி வெறும் அதிர்ஷ்டம். அதன் கண் 'எதிர்பார்க்கும் நஷ்டம்' மீதுதான் இருக்கிறது. மொத்தமாகப் பந்தயம் கட்டிய தொகையை அந்த இயந்திரத்தின் லாப விகிதத்தால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். அதில் ஒரு பங்கு, பெரும்பாலும் ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை, அறையாகவோ சாப்பாடாகவோ திரும்பி வருகிறது. இந்த உபசாரத்துக்கு அங்கே 'காம்ப்' என்று பெயர். தமிழில் 'ஓசி' என்றே சொல்லிவிடலாம். கம்பெனிக் காரியமாகப் போகும் தபாலுக்குக் கட்டணம் இல்லை என்பதிலிருந்து பிறந்த சொல் அது என்பார்கள். இங்கேயும் செலவு கம்பெனியுடையதுதான்!

கணக்கு வைப்பது ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஆட்டக்காரர் அதை இயந்திரத்தில் செருகிவிட்டு உட்கார்ந்தால் ஒவ்வொரு பந்தயமும் பதிவாகும். 25 சென்ட் இயந்திரத்தில் ஒரு கைக்கு ஐந்து காசு, அதாவது ஒன்றேகால் டாலர். மணிக்கு 600 கை ஆடினால் 750 டாலர். சட்டைப்பையில் இருந்தது நூறு டாலராகவே இருக்கலாம். வந்ததும் போனதுமாகச் சுழன்ற பணம் அவ்வளவு.

வீடியோ போக்கரில்தான் கேசினோவுக்குச் சிக்கல். திரையில் ஐந்து சீட்டுகள் விழும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாம். நெவாடா மாநில விதிப்படி, சீட்டைக் காட்டும் இயந்திரம் நிஜமான 52 சீட்டுக் கட்டைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். ஆகவே, எந்தக் கைக்கு எவ்வளவு என்று திரையில் இருக்கும் பட்டியலைப் பார்த்தே இயந்திரத்தின் தாராளத்தை எடைபோடலாம். சாதாரண ஸ்லாட் இயந்திரத்தில் இது நடக்காது.

'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' ஆட்டத்தில் ஃபுல் ஹவுஸுக்கு 9 மடங்கு, ஃப்ளஷுக்கு 6 மடங்கு தரும் இயந்திரம், பிழையில்லாமல் ஆடினால் 99.54 சதவீதத்தைத் திருப்பித் தரும். அதுவே 8, 5 என்று இருந்தால் 97.3 சதவீதம்தான். முதல் இயந்திரத்தில் ஒரு மணி நேரத்தில் எதிர்பார்க்கும் நஷ்டம் மூன்றரை டாலர். இரண்டாவதில் 20 டாலர். எட்டு சதவீதம் பிடிக்கும் ஸ்லாட்டில் அதே 750 டாலருக்கு 60. ஸ்லாட் ஆடும் பாட்டிக்குக் கிடைக்கும் மரியாதை பக்கத்து வீடியோ போக்கர்காரருக்குக் கிடைக்காததன் ரகசியம் இதுதான். சீசர்ஸ் நிறுவனத்தின் திட்டத்தில் ஸ்லாட்டில் 5 டாலருக்கு ஒரு புள்ளி என்றால் வீடியோ போக்கரில் 10 டாலருக்கு ஒரு புள்ளி என்பது வழக்கம்.

ஆனால் எல்லோரும் பிழையில்லாமல் ஆடுவதில்லையே. பல கேசினோக்கள் சராசரி ஆட்டக்காரரின் தவறுகளையும் சேர்த்தே நஷ்டத்தை மதிப்பிடுகின்றன. ஊரார் செய்யும் தப்புக்குக் கெட்டிக்காரருக்கு விருந்து! 1990-களில் 100.76 சதவீதம் திருப்பித் தந்த 'டியூசஸ் வைல்ட்' ரகங்களும் வேகாஸில் கிடைத்தன. காம்ப்புகளைக் குறிவைத்தே ஆடுவது எப்படி என்று ஜீன் ஸ்காட் 1998-ல் புத்தகமே போட்டார். கேசினோக்கள் சும்மா இருக்கவில்லை. பட்டியலைச் சுருக்கின; தாராளமான இயந்திரங்களுக்குப் புள்ளிகளைக் குறைத்தன, சில இடங்களில் அறவே நிறுத்தின; கைதேர்ந்தவர்களுக்கு அழைப்புக் கடிதம் போடுவதையும் விட்டன.

இந்தக் கணக்கை ஒரு விஞ்ஞானமாகவே மாற்றியவர் ஹார்வர்ட் வணிகப் பள்ளியிலிருந்து 1998-ல் ஹாராஸ் நிறுவனத்துக்கு வந்த கேரி லவ்மன். வாடிக்கையாளர்களில் 26 சதவீதம் பேர் 82 சதவீத வருவாயைத் தந்ததாக அவர் 2003-ல் எழுதினார். அந்தச் சிறந்த வாடிக்கையாளர்கள் பட்டு மெத்தைக் கோடீஸ்வரர்கள் அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தொழிலாளர்கள் போன்ற நடுத்தர வயதினரும் முதியவர்களும்தான்.

அவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. அடுத்த அழைப்பில் இலவச அறை கிடைக்குமா என்பதைத் தினசரிச் சராசரியை வைத்தே பல இடங்களில் முடிவு செய்கிறார்கள். முதல் நாள் நான்கு மணி நேரம் ஆடியவர், மறுநாள் ஊருக்குக் கிளம்பும்முன் பத்து நிமிடம் அட்டையைச் செருகி விளையாடினால் போதும், சராசரி ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

புள்ளி சேர்ப்பதற்காகவே நாற்காலியை விட்டு எழாதவர்களும் உண்டு. 8, 5 இயந்திரத்தில், நஷ்டத்தில் கால் பங்கு திரும்பி வரும் இடத்தில், 25 டாலர் பஃபே சாப்பாடு தேற வேண்டுமானால் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும். மூன்றாயிரம் கை. எதிர்பார்க்கும் நஷ்டம் 100 டாலர். அதுவும் ஒரு சீட்டைக்கூடத் தவறாகப் போடாமல் ஆடினால்.