விதை வேண்டாம்... ஒரு கொத்துத் தளிர் போதும்! சவுக்கு நாற்றங்காலில் நடக்கும் 'நகல்' வித்தை

முருங்கைப் போத்தை வெட்டி வேலியோரம் ஊன்றினால் தானாகத் தளிர்க்கும். பூவரசும் கிளுவையும் அப்படித்தான். சவுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. ஆனாலும், இன்று தமிழகத்தில் விவசாயிகள் வாங்கி நடும் சவுக்குக் கன்றுகளில் பல, விதையில் முளைத்தவை அல்ல. தளிரை வெட்டி வேர்பிடிக்க வைத்தவை. இவற்றைக் 'குளோன்' கன்றுகள் என்கிறார்கள்.

விதையில் என்ன குறை?

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சவுக்கும் அப்படியே. மகரந்தம் காற்றில் பறந்து வருவதால், நல்ல மரத்தின் விதையிலும் ஒன்று நெடுநெடுவென வளரும், இன்னொன்று கோணிக்கொள்ளும். சாரம் கட்டவும் பந்தல் போடவும் நேரான கம்புக்குத்தான் விலை. காகித ஆலைக்கு எடை முக்கியம். அறுவடைக்கு 3 முதல் 5 ஆண்டுகள் ஆகும் பயிர் இது. கன்று சரியில்லை என்று தெரியவரும்போது அத்தனை ஆண்டுகளும் போயிருக்கும். குளோன் கன்றோ தாய் மரத்தின் அச்சு அசல்.

கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம், இப்படித் தேர்ந்தெடுத்த சவுக்குக் குளோன்களை வெளியிட்டிருக்கிறது.

வேர் வருவது எப்படி?

வயதான மரத்தின் கிளை லேசில் வேர்விடாது. அதனால் தேர்ந்த மரத்தின் கன்றுகளை நாற்றங்காலில் தாய்ச் செடிகளாக நட்டு, அடிக்கடி கவாத்து செய்து குட்டையாகவே வைத்திருக்கிறார்கள். அதில் துளிர்க்கும் இளந்தளிர்களை விரல் நீளத்துக்கு வெட்டி, பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் நனைத்து, அடிப்பகுதியில் வேர் ஊக்கிப் பொடியைத் தொட்டு, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குப்பிகளில் செருகுகிறார்கள்.

அடுத்த கட்டம்தான் சவால். வேரில்லாத தளிரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈரப்பதம் குறைந்தால் வாடிவிடும். எனவே, பாலித்தீன் கூடாரத்துக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். சுமார் 3, 4 வாரங்களில் வேர் இறங்கும். பிறகு நிழல்வலை, அதன்பின் திறந்த வெயில் எனப் படிப்படியாகப் பழக்குகிறார்கள்.

காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் 'பிராங்கியா' என்ற நுண்ணுயிர் சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும். மண்ணில்லாத குப்பியில் அது இருக்காது என்பதால், நாற்றங்காலிலேயே தனியாகச் சேர்ப்பது நல்லது.

ஒரே நகல்... ஒரே ஆபத்து!

எல்லா மரமும் ஒன்றுபோல வளரும் என்றால், எல்லா மரமும் ஒன்றுபோல நோயிலும் விழும். 2000-களின் தொடக்கத்தில் தென்னிந்தியத் தைல மரத் தோட்டங்களுக்குள் ஒரு சின்னஞ்சிறு குளவி நுழைந்தது. இலைக்காம்பிலும் நரம்பிலும் முட்டையிட்டு முடிச்சுமுடிச்சாக வீங்க வைத்தது. சில குளோன்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. வேறு சில தாக்குப்பிடித்தன. ஒரே குளோனை நம்பியவர்களுக்குத்தான் பெரிய அடி.

கன்று வாங்கப் போகிறீர்களா?

* 'நல்ல ரகம்' என்ற பேச்சோடு நிறுத்தாமல், குளோனின் பெயரையோ எண்ணையோ கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்.

* ஒரு கன்றை உருவிப் பாருங்கள். வேர் சுருண்டிருக்காமல் நேராகக் கீழிறங்கியிருக்க வேண்டும்.

* வெயிலில் பழக்கிய கன்றா என்று கேளுங்கள்.

* நிலம் முழுக்க ஒரே குளோனை நடாமல், இரண்டு மூன்றைத் தனித்தனிப் பாத்திகளாகப் பிரித்து நடுங்கள். ஒன்று சறுக்கினாலும் மற்றவை கைகொடுக்கும்.