விற்பவரின் வாக்கு யாரைக் கட்டும்?

இராமாநுஜர் அவதரித்த தலம் என்ற பெருமையோடு ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே நெடுங்காலம் அமைதியாகக் கிடந்த ஸ்ரீபெரும்புதூர், 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்து சேர்ந்ததிலிருந்து, ஒரகடம் வரையிலும் அதற்கு அப்பாலும் கார், டயர், கண்ணாடி, கைப்பேசி, காலணி என்று உலகத்துக் கடைவீதிகளுக்கு வேண்டிய சரக்கையெல்லாம் செய்து அனுப்பும் தொழிற்பேட்டைகளின் வரிசையாக மாறிவிட்ட விருத்தாந்தம் எல்லோரும் அறிந்ததே. காலை ஷிப்ட் மாறும் வேளையில் சிங்கப்பெருமாள்கோயில் சாலையோரம் நிற்பவர், முன்கண்ணாடியில் தடத்தின் பெயர் ஒட்டிய கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதையும், இரவுப் பணி முடிந்த இளம்பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு ஜன்னல் ஓரம் தலைசாய்த்து உறங்குவதையும் காணலாம். அவர்கள் செய்யும் பொருளின்மேல் இருப்பது ஒரு பெயர். ஆலையின் வாசலில் இருப்பது வேறொரு பெயர். பலருடைய சம்பளச் சீட்டில் இருப்பதோ மூன்றாவதாக ஒரு காண்டிராக்டரின் பெயர். அநியாயம் ஒன்று நேர்ந்தால் இம்மூவரில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்விதான், 'அறம் சார்ந்த உற்பத்தி' என்று ஆடை வணிகர்கள் இன்று அட்டையில் அச்சிட்டுத் தொங்கவிடும் பிரதிக்ஞைக்கு உரைகல்.

இக்கேள்வி இவ்வட்டாரத்தில் பகிரங்கமாக எழுந்தது 2021 டிசம்பரில். ஆப்பிள் கைப்பேசிகளை இணைத்துத் தரும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவு நஞ்சாகித் தங்களில் 150-க்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்துப் போராடினார்கள். விடுதி ஆலைக்குள் இல்லை, பூந்தமல்லிப் பக்கம் இருந்தது. ஆயினும், அது எங்கள் பொறுப்பன்று என்று ஆப்பிள் ஒதுங்கிக்கொள்ள இயலாமல், அந்த ஆலையைத் தன் கண்காணிப்பின்கீழ் வைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. பின்னர், இத்தகைய தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பை அரசு திறந்தது. கைப்பேசி ஆடையன்றே என்று வாசகர் கேட்கலாம். பொருள் வேறாயினும், வாங்குபவன் கடல் கடந்து இருக்க, செய்பவள் ஹாஸ்டலில் இருக்கும் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே.

ஆடைத் தொழிலில் இப்பொறுப்பை நிறைவேற்றப் பல்லாண்டுகளாகக் கையாளப்பட்டு வந்த உபாயம் 'ஆடிட்' என்று தொழிலாளர்கள் சொல்லும் சோதனை. வாங்கும் ஸ்தாபனம் நடத்தை விதிகளை வகுத்துக் கொடுக்கும். வெளியிலிருந்து ஒரு சோதனைக்காரர் வந்து, பதிவேடுகளைப் புரட்டி, தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்த்து, மேலதிகாரிகள் அடையாளம் காட்டும் சிலரிடம் நாலு வார்த்தை கேட்டுச் சான்றிதழ் தருவார். 'பையர்' வருகிறார் என்றதும் கழிப்பறையில் சோப்பு வைக்கப்படுவதும், ஓவர்டைம் பற்றி இன்னது சொல்ல வேண்டும் என்று லைனில் பாடம் நடத்தப்படுவதும் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குப் புதுமையல்ல. இச்சான்றிதழின் மதிப்பை, 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் இடிந்து விழுந்து 1,134 உயிர்களைப் பலிகொண்ட ரானா பிளாசா காட்டிக் கொடுத்தது. அக்கட்டிடத்துக்குள் இயங்கிய ஆலைகளிற் சில அதற்கு முன் இத்தகைய சோதனைகளில் தேறியவையே. சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது அதன் பின்னர்தான்.

அவ்வகை உடன்படிக்கை தமிழகத்தில் பிறந்த கதை துயரமானது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நாச்சி அப்பேரல் என்ற ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண்ணொருத்தி 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். அதே ஆலையின் சூப்பர்வைசர் ஒருவர் கைதானார். அதையடுத்து, லைனில் தாங்கள் பட்டுவந்த சீண்டல்களையும் வசவுகளையும் மற்றப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமெல்லாம் முறையீடுகளை விசாரிக்க உள்ளகக் குழு வைத்திருக்க வேண்டும் என்று பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தும், அக்குழுவிடம் போனால் வேலை போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை சட்டம் ஏட்டில்தான் கிடக்கும். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டணி முதலிய அமைப்புகளின் துணையோடு ஓராண்டுக்கு மேல் வாதாடியதன் பலனாக, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் உடன்படிக்கை வெளியாயிற்று. ஈஸ்ட்மேனும், ஆடை விற்கும் எச் அண்ட் எம் ஸ்தாபனமும் அதில் ஒப்பமிட்டன. கேப், பிவிஎச் ஆகிய ஆடை ஸ்தாபனங்களும் பின்னர் சேர்ந்துகொண்டன. நூற்பாலையையும் உள்ளடக்கிய அவ்வுடன்படிக்கையின் நிழலில் வந்தவர்கள் 5,000-க்கு மேற்பட்டோர்.

அதன் விசேஷம் அதன் யந்திர அமைப்பில் இருக்கிறது. ஏறக்குறைய 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், சங்கம் தேர்ந்தெடுக்கும் தொழிலாளி ஒருவர் பயிற்சி பெற்று அந்த லைனிலேயே கண்காணிப்பாளராக இருக்கிறார். டார்கெட் முடியவில்லை என்று சூப்பர்வைசர் சாதியைச் சொல்லி ஏசினாலும், கழிப்பறைக்குப் போனவளை வழிமறித்துக் கேள்வி கேட்டாலும், பக்கத்துத் தையல் மெஷினில் இருப்பவரே அதைக் கண்டு முறையிடலாம். முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை விதியை மீறினால், ஒப்பமிட்ட வணிக ஸ்தாபனங்கள் ஆர்டரைக் குறைத்தேனும் நிறுத்தியேனும் அதைத் திருத்தக் கடமைப்பட்டவை. விருப்பமிருந்தால் செய்யலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. முதலாண்டில் வந்த 185 முறையீடுகளில் பாலியல் வன்முறை, துன்புறுத்தல் பற்றியவை 23. பெரும்பாலான முறையீடுகள் தீர்க்கப்பட்டன. முறையீடே வராத ஆலைதான் நல்ல ஆலை என்று சோதனைக்காரர்கள் எழுதிவந்த காலத்தை நினைத்தால், இந்த எண்ணிக்கை ஆலைக்கு அவமானமாக எனக்குத் தோன்றவில்லை. 2022 ஜூலையில் நாச்சி அப்பேரலின் சரக்கைத் துறைமுகங்களில் நிறுத்திவைக்க உத்தரவிட்ட அமெரிக்கச் சுங்க இலாகா, இவ்வுடன்படிக்கையின்கீழ் நடந்த சீர்திருத்தத்தைக் கண்டு செப்டம்பரிலேயே தடையை நீக்கியது.

நீர் விஷயத்திலும் இதே நியாயந்தான். சாயமும் தோலும் நதிகளைக் கெடுத்தபோது ஆலைகளை அசைத்தது வணிகரின் மனச்சாட்சியன்று. பாலாற்றைப் பாழாக்கிய தோல் ஷாப்புகள் மீதான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற தத்துவத்தை நிலைநாட்டி, ஐந்து மாவட்டத்து ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அன்று ஸ்ரீபெரும்புதூரையும் தன்னுள் கொண்டிருந்த செங்கை எம்ஜிஆர் மாவட்டம் அவ்வைந்தில் ஒன்று. திருப்பூரில் நொய்யல் ஆற்றுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, கழிவுநீரைத் துளியும் வெளிவிடாத முறை உறுதியாகப் பற்றப்பட்டது.

இத்தனைக்கும் செலவு யாருடையது என்பதைத்தான் பேச எவரும் அவசரப்படுவதில்லை. விலையைக் குறைத்துக் கேட்பதும், டிசைனைக் கடைசி நேரத்தில் மாற்றிக் கெடுவை மட்டும் மாற்றாதிருப்பதும் வாங்குபவரே. அந்த நெருக்கடி படிப்படியாக இறங்கி சூப்பர்வைசரின் நாவில் வசவாக வந்து முடிகிறது. ஆகையால் ஒரு ஸ்தாபனத்தின் அறிக்கையைப் படிக்கிறவர், பச்சை இலைச் சித்திரங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, ஆலைகளின் பெயர்கள் வெளியிடப்பட்டிருக்கின்றனவா, தொழிற்சங்கத்தின் கையொப்பம் எங்கேனும் உண்டா, வாக்கு மீறப்பட்டால் ஆர்டருக்கு என்ன நேரும் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுவது நலம். திண்டுக்கல் உடன்படிக்கை ஒரே குழுமத்தின் ஆலைகளுக்குரியது. அதே மாவட்டத்தில் இரவு பகலாக ஓடும் பிற நூற்பாலைகளை அது கட்டாது.