இடைக்கால ஆணையும் இறுதி விளைவும்: பின்னி – வாடியா வழக்கில் அதிகாரமும் சட்ட நடைமுறையும்

முன்னுரை

நீதியமைப்பின் மீது அதிகாரம் செலுத்தும் செல்வாக்கு என்றவுடன் கையூட்டு, மிரட்டல், அரசியல் தலையீடு ஆகியனவே பெரிதும் எண்ணப்படுகின்றன. நடைமுறை விதிகள் வழுவாது பின்பற்றப்படும் வழக்கிலும் அதிகாரம் தன் நோக்கத்தை எய்தக்கூடும். சென்னை உயர்நீதிமன்றத்தில் 1920ஆம் ஆண்டு தொடுக்கப்பட்ட பின்னி – வாடியா வழக்கைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

வழக்கின் பின்னணி

வடசென்னையில் பேசின் பிரிட்ஜ் சந்திப்பை அடுத்த பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளைப் பின்னி நிறுவனம் நடத்தி வந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா அதன் தலைவராகவும், திரு.வி.க. துணைத் தலைவராகவும் பணியாற்றினர். 1920இன் பிற்பகுதியில் கதவடைப்பும் வேலைநிறுத்தமும் நீடித்தபோது, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டி, வாடியா உள்ளிட்டோர் மீது நிறுவனம் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் இடைக்காலத் தடையாணை பிறப்பித்தது.

சட்டத்தின் சமனின்மை

ஒப்பந்த மீறலைத் தூண்டுதல் தீங்கியல் குற்றம் என்பது ஆங்கிலப் பொதுச்சட்டக் கோட்பாடு. தொழிற்சங்க நிதியிலிருந்தே இழப்பீடு பெறலாம் என 1901ஆம் ஆண்டின் டாஃப் வேல் தீர்ப்பு வழிவகுத்தது. 1906ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் பிரிட்டானியத் தொழிற்சங்கங்களுக்கு இதிலிருந்து பாதுகாப்பளித்தது. இந்தியாவிற்கு அப்பாதுகாப்பு நீட்டிக்கப்படவில்லை. எனவே, இலண்டனில் வழக்கிற்கு உட்படாத செயல் சென்னையில் வழக்கிற்கு உரியதாயிற்று. இங்கு அதிகாரம் நீதிபதியின் வழியாக அன்றி, நீதிபதி கையாண்ட சட்டத்தின் வழியாகவே நீதிமன்றத்தினுள் நுழைந்தது.

நடைமுறையே தண்டனையாதல்

இழப்பீட்டு அச்சமும் தடையாணையும் சங்கத்தை முடக்கின. 1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது, வழக்குக் கைவிடப்பட்டது. சங்கத்துடனான தொடர்பை வாடியா விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவ்வுடன்பாட்டின் கூறாகும். சங்கத் தலைவர்கள் குற்றம் இழைத்தனரா என்னும் வினா முழு விசாரணைக்கு உட்படவே இல்லை. ஆயினும் நிறுவனம் வேண்டிய விளைவு கிட்டியது. வழக்கை நெடுங்காலம் நடத்தும் பொருள்வளம் ஒரு தரப்பிடமும், அன்றாடக் கூலியை இழந்த வறுமை மறுதரப்பிடமும் இருந்த நிலையில், இடைக்கால ஆணையே இறுதித் தீர்ப்பின் பணியை ஆற்றியது.

சட்டத் திருத்தம்

1921 மார்ச்சில் நடுவண் சட்டப்பேரவையில் என்.எம். ஜோஷி தொழிற்சங்கப் பாதுகாப்புச் சட்டம் கோரித் தீர்மானம் கொணர்ந்தார். அதன் தொடர்ச்சியாகத் தொழிற்சங்கச் சட்டம் 1926இல் இயற்றப்பட்டு, 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்தகராற்றின் பொருட்டுச் செய்யப்பட்ட செயல், பிறரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியது என்ற காரணத்தால் மட்டும் உரிமையியல் வழக்கிற்கு உரியதாகாது என அதன் 18ஆம் பிரிவு வகுத்தது. வாடியா மீது சாட்டப்பட்ட குற்றமே இப்பிரிவின் வாசகமாக அமைந்துள்ளது எனலாம். எனினும் இப்பாதுகாப்பு பதிவுபெற்ற சங்கங்களுக்கே உரித்தாயிற்று.

முடிவுரை

முறையான சட்ட நடைமுறை என்பது விசாரணைப் படிநிலைகளைப் பின்பற்றுவதோடு முடிவதில்லை. நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என, தனிமனித உரிமை குறித்து, மேனகா காந்தி வழக்கில் (1978) உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. சட்டத்தின் உள்ளடக்கம், வழக்கைத் தாங்கும் ஆற்றல், இடைக்கால ஆணையின் விளைவு ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்கினாலன்றி, ஒரு வழக்கில் நீதி வழங்கப்பட்டதா என்பதை மதிப்பிட இயலாது. ஆகவே, தீர்ப்புகளை மட்டுமன்றித் தீர்ப்பு எட்டாமல் முடிந்த வழக்குகளையும் சட்ட வரலாற்றாய்வு கருத்திற்கொள்ள வேண்டும்.