தர்ம ஸ்தாபனம் இலாபம் ஈட்டலாமா?

தர்ம ஸ்தாபனம் என்றதும் நாம் உண்டியலை நினைக்கிறோம். பம்பு விற்கும் தர்மத்தை நினைப்பதில்லை. ஆனால் அது நம் கோவையிலேயே உண்டு. பீளமேட்டில் பூ.சா.கோ. சகோதரர் நால்வர் 1926-இல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதை அறத்திற்கு ஒதுக்கினர். அந்த அறநிலையத்தின் தொழிற்கூடம் பம்புகளும் மோட்டார்களும் செய்து விற்றது. அதனருகே 1951-இல் பொறியியற் கல்லூரியும் எழுந்தது.

விற்றால் இலாபம் வராதா? வரும், வரவும் வேண்டும். இல்லையேல் பட்டறைக்கு மறு ஆண்டு இரும்பு வாங்குவதெப்படி? மிச்சம் எங்கே போகிறது என்பதைத்தான் சட்டம் கேட்கிறது. கம்பெனியில் அது பங்குதாரருக்கு டிவிடெண்டாகப் போகும். அறக்கட்டளையிலோ யாரும் பங்கு பிரித்துக்கொள்ள முடியாது. வரிவிலக்கு வேண்டுமாயின், பொதுவாக ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு 85 பங்கு அறப்பணிக்கே செலவாக வேண்டும். வியாபாரத்திற்குத் தனிக் கணக்கும் வேண்டும். உழைப்போருக்குச் சம்பளம் தரலாம், நியாயமான அளவில்!