ஜாவா வண்டியின் கியர்

மைசூரு நகரின் யாதவகிரியில் ஐடியல் ஜாவா என்னும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. 1961ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய அத்தொழிற்சாலை, ஜாவா, யெஸ்டி என்னும் வண்டிகளை உருவாக்கியது. 1996ஆம் ஆண்டு மூடப்பட்டது. அவ்வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். பழைய வண்டியில் கியர் எளிதில் விழாமற்போவதுண்டு. உடனே கியர்ப் பெட்டியைப் பிரித்தல் தவறு. உள்ளிருக்கும் பாகம் ஒன்று உடைந்தால், அதே தொழிற்சாலையிலிருந்து மாற்றுப் பாகம் இனி வாராது.

எஞ்சினின் சுழற்சி, கிளட்ச் வழியாகக் கியர்ப் பெட்டியை அடைகிறது. பின்னர்ச் சங்கிலி வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கியர் மாற்றும்போது இத்தொடர்பு சற்றே அறுபட வேண்டும். கிளட்ச் பிடியை அழுத்தினால், கம்பி இழுபட்டு, ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும் தட்டுகள் விலகுகின்றன. ஜாவா வண்டியில் ஒரு புதுமை உண்டு. காலால் கியர் நெம்புகோலை அழுத்தினாலே கிளட்ச்சும் தானே விலகும். அந்நெம்புகோலே எஞ்சினைக் கிளப்பும் கிக்கராகவும் பயன்படும்.

பழுதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, வண்டியை மெல்ல உருட்டியவாறு கியர் மாற்ற வேண்டும். அப்போது கியர் எளிதாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கறகறவென ஒலித்தால், குறை பெரும்பாலும் கிளட்ச்சில்தான் இருக்கும். கிளட்ச் கம்பி தளர்ந்திருந்தால் தட்டுகள் முழுமையாக விலகா. அளவுக்கு மீறி இறுகியிருந்தால் அவை வழுக்கும். ஆகவே, கிளட்ச் பிடியில் சிறிதளவு தளர்வு இருக்குமாறு திருகாணியால் சரிசெய்ய வேண்டும். பல மாதங்கள் ஓடாமல் நின்ற வண்டியில் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்திய நிலையில் கியரிட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் அவை விடுபடும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது எண்ணெய். பெட்ரோலில் கலக்கும் எண்ணெய் எஞ்சினுக்கு உரியது. கியர்ப் பெட்டிக்குத் தனி எண்ணெய் வேண்டும். அதன் அளவையும் தன்மையையும் பார்த்தல் வேண்டும்.

இவையெல்லாம் சீராக இருந்தும், ஓடும்போதே கியர் தானாக விலகினால், உள்ளிருக்கும் பற்களோ அவற்றை நகர்த்தும் கவையோ தேய்ந்திருக்கக்கூடும். அப்போதுதான் தேர்ந்த மெக்கானிக் பெட்டியைத் திறக்க வேண்டும். புறத்தே தொடங்கி அகத்தே செல்வதே பழைய வண்டியைக் காக்கும் முறை.

சொற்பொருள்: பேணி – பாதுகாத்து, உளர் – இருக்கிறார்கள், விலகா – விலகமாட்டா, கவை – இரு கிளையாகப் பிரிந்த கருவி.

வினா: கியர்ப் பெட்டியைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளை வரிசையாக எழுதுக.